லயத்து வாசலில் எழும் புழுதி: நம் கையில் உள்ளதும் நிர்வாகத்தின் கையில் உள்ளதும்

மழை விட்டுப் பத்து நாள் ஆனால் போதும். செம்மண் சடக்கு ஓரத்து லயங்களில் குடியிருப்போருக்கு வெயில் காலம் வந்துவிட்டது என்று யாரும் சொல்லத் தேவையில்லை. கொடியில் காயும் பள்ளிக்கூடச் சட்டை வெள்ளையாகப் போய்ச் சிவப்பாகத் திரும்பும். ஜன்னல் கட்டையில் விரலால் பெயர் எழுதலாம். சோற்றுப் பானையை மூடி வைத்தாலும் பல்லில் மண் நறநறக்கும். பழ லோரி ஒன்று கிளப்பிவிட்ட புழுதி அடங்குவதற்குள் அடுத்த லோரி வந்து சேரும்.

"புழுதிதானே அண்ணே, நம்ம பாட்டன் காலத்திலேருந்து தின்னுக்கிட்டுத்தானே இருக்கோம்" என்று அண்மையில் ஒரு கிளைக் கூட்டத்தில் ஒருவர் சொன்னார். கூட்டம் சிரித்தது. சிரித்தவர்களில் பலருடைய வீடுகளில், வாய்க்குள் அடிக்கும் இழுப்பு மருந்து சாமி படத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். ஆகவே நான் சிரிக்கவில்லை.

பாட்டன் காலத்துப் புழுதி வேறு, இன்றைய புழுதி வேறு என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். கித்தாக் காட்டில் பால் வெட்டிய காலத்தில், காண்டாக் கம்பிலும் சைக்கிளிலும் பால் வாளி போயிற்று. பால் லோரி வந்தாலும் நாளைக்கு ஓரிரு தடவை வரும், போகும். கித்தா மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்ட பிறகு நிலைமை மாறிவிட்டது. செம்பனைக் குலை வெட்டியபின் ஆலைக்குப் போகாமல் காத்திருந்தால் எண்ணெயின் தரம் கெடும். ஆகவே காலை முதல் இருட்டும் வரை லோரி ஓட வேண்டும். அதற்கு மேல் உரம் ஏற்றிய டிராக்டர், குத்தகைக்காரரின் வண்டி, ஆலைக்கு வரும் வெளித் தோட்டத்து லோரி. சடக்கு மட்டும் அதே பழைய மண் சடக்கு. கைவண்டிக்கும் மாட்டு வண்டிக்கும் போட்ட தடத்தில் பத்து டன் பாரம் ஓடினால் மண் மாவாகாமல் என்ன செய்யும்?

நானும் சடக்கோரத்து லயத்தில் வளர்ந்தவன்தான். எங்கள் வீடு முனையிலிருந்து மூன்றாவது. என் தங்கைக்கு இழுப்பு. அம்மா வெளிக்காட்டிலிருந்து வந்து, பசியாறிய மங்கைக்கூடக் கழுவாமல், இரண்டு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போய் வாசல் முன்னே சடக்கில் வீசுவார். பக்கத்து வீட்டுப் பெரியம்மாவும் வீசுவார். அரைமணி நேரம் அடங்கும். பிறகு பழையபடிதான். நாலைந்து குடும்பத் தலைவர்கள் சேர்ந்து ஆபீசில் போய்ச் சொன்னபோது கிடைத்த பதில், "மழை வந்தா சரியாப் போயிடும்" என்பது. மழை வந்தது, சரியாகவும் போயிற்று. மழை நின்றதும் தங்கைக்கு மறுபடி ராத்திரி உட்கார்ந்தபடியே தூக்கம்.

புழுதி என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். கண்ணுக்குத் தெரியும் பெரிய துகள் மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். தும்மினால் வெளியே வரும். நம் தலைமுடியின் பருமனில் ஏழில் ஒரு பங்குக்கும் சிறிய துகள்தான் நெஞ்சுக்குள் இறங்குகிறது. அது லோரி போன பிறகும் நெடுநேரம் காற்றில் மிதக்கும். புழுதி அடங்கிவிட்டது என்று நாம் ஜன்னலைத் திறக்கும் நேரத்தில் அது உள்ளே வருகிறது. இழுப்பு உள்ள பிள்ளை, நெஞ்சுச் சளி உள்ள கிழவர், கைக்குழந்தை, இவர்களுக்கு அதுதான் ஆபத்து. சடக்கில் கொட்டிய கல்லிலும் மணலிலும் சிலிக்கா இருக்குமானால், வருடக் கணக்கில் அதைச் சுவாசிப்பது நுரையீரலுக்குத் தீராத கேடு. 1997, 2015, 2019 ஆகிய ஆண்டுகளில் புகைமூட்டம் நாட்டை மூடியபோது, பள்ளிக்கூடத்தை அடைத்தார்கள், முகமூடி கொடுத்தார்கள், பத்திரிகையில் தினம் ஒரு எண் போட்டார்கள். சடக்கோரத்து லயத்தில் வெயில் காலம் முழுதும் எழும் செம்புழுதிக்கு யாரும் எண் போடுவதில்லை.

சாலை விபத்தையும் மறக்கக் கூடாது. புழுதிக்குள் லோரிக்குப் பின்னே மோட்டார் சைக்கிளில் போகிறவனுக்கு எதிரே வருவது தெரியாது. எனக்குத் தெரிந்த குலை வெட்டும் தொழிலாளி ஒருவர், அப்படித்தான் லோரியை முந்தப் போய், எதிரில் வந்த டிராக்டரில் மோதிக் காலை இழந்தார். இப்போது பிள்ளையின் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

இனி விஷயத்துக்கு வருவோம். நம் தோழர்களில் சிலர் கேட்கிறார்கள்: "சடக்கு கம்பெனிச் சொத்து. லாபம் கம்பெனிக்கு. அதுக்கு நாம ஏன் வாளி தூக்கணும்?" நியாயமான கேள்வி. தொழிற்சங்கக்காரன் என்ற முறையில் நானும் அதைத்தான் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். ஆனால் கடிதம் போய், பதில் வந்து, பேச்சு நடந்து, மேலிடம் ஒப்புதல் கொடுக்கும் வரை அந்தப் பிள்ளை மூச்சு விடாமல் இருக்க முடியாதே. நம்மால் ஆனதை நாம் செய்வோம். அதைச் செய்வதாலேயே அது நம் வேலையாகிவிடாதபடியும் பார்த்துக்கொள்வோம். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் சடக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். நல்ல மண் சடக்கில் மூன்று சரக்கு இருக்கும்: பாரம் தாங்கக் கல், இடுக்கை நிரப்ப மணல், இரண்டையும் பிடித்து வைக்கக் கொஞ்சம் களி. களியும் வண்டலும் சேர்ந்த மெல்லிய மண் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இருந்தால் சடக்கு இறுகும். மிஞ்சிப் போனால் வெயிலில் புழுதி, மழையில் சேறு. ஒன்றுமே இல்லாமல் வெறும் கல்லைக் கொட்டினால் சக்கரம் அதை ஓரத்துக்குத் தள்ளிவிடும்; சடக்கு துணி துவைக்கும் பலகை போல வரிவரியாகிவிடும்.

இதைப் பார்க்க என்ஜினியர் வேண்டாம். ஒரு கண்ணாடிப் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு சடக்கு மண்ணைப் போட்டு, தண்ணீர் நிரப்பி, நன்றாகக் குலுக்கி மேசையில் வையுங்கள். முதல் நிமிடத்தில் அடியில் இறங்குவது கல்லும் மணலும். அதற்கு மேல் மெதுவாகப் படிவது வண்டல். மறுநாள் வரை கலங்கிக் கிடந்து கடைசியில் படிவது களி. மேலே படிந்த மெல்லிய மண் போத்தலில் உள்ள மண்ணில் பாதிக்கு வந்துவிட்டது என்றால், உங்கள் சடக்கில் கல் தேய்ந்து தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் அங்கே புழுதி நிற்காது. புதுக் கல் போட்டே ஆக வேண்டும். அந்தப் போத்தலை அப்படியே மேனேஜர் மேசையில் கொண்டுபோய் வைக்கலாம். பேச்சைவிட அது நன்றாகப் பேசும்.

இன்னொன்றையும் பல தோட்டங்களில் பார்க்கிறேன். சாக்கடையும் காட்டு வாய்க்காலும் வெட்டும்போது, அள்ளிய சேற்றைச் சடக்கின் குழியில் கொட்டி நிரவிவிடுகிறார்கள். அன்றைக்குச் சடக்கு மெத்தை போல இருக்கும். காய்ந்தால் அந்தச் சேறுதான் முதலில் பறக்கும். கான் மண்ணைச் சடக்கில் போடாதீர்கள், போடவும் விடாதீர்கள்.

சடக்கின் நடு முதுகு உயர்ந்து, இரு பக்கமும் சரிந்திருக்க வேண்டும். பன்னிரண்டு அடி அகலச் சடக்கு என்றால் ஓரத்தைவிட நடு மூன்று அங்குலம் உயரம். சடக்கின் குறுக்கே கயிறு பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பல இடங்களில் தலைகீழாக இருக்கிறது: நடுவில் பள்ளம், ஓரத்தில் புல் வரப்பு. மழைத் தண்ணீர் ஓட வழியில்லாமல் சடக்கிலேயே நிற்கிறது, மண் ஊறுகிறது, லோரி அதைக் கடைகிறது, குழி விழுகிறது, காய்ந்ததும் அந்தக் குழியே புழுதிக் கிடங்காகிறது. ஆகவே வெயில் காலத்துப் புழுதிக்கு மருந்து மழைக் காலத்திலேயே தொடங்குகிறது. ஓரத்து வரப்பில் பத்துப் பன்னிரண்டு அடிக்கு ஒரு வாய் வெட்டி, தண்ணீரைக் கானில் இறக்கிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலு பேர் மண்வெட்டியோடு இறங்கினால் ஒரு லயத்து நீளத்துக்கு முடிந்துவிடும்.

குழி அடைப்பதும், கிரேடர் விட்டுச் சமன் செய்வதும் மண் ஈரமாக இருக்கும்போதுதான். காய்ந்த சடக்கில் கிரேடர் ஓட்டினால், இறுகியிருந்த மேல் ஓடு உடைந்து இன்னும் புழுதி கிளம்பும். "கிரேடர் வந்து போன வாரந்தான் அண்ணே ரொம்ப மோசம்" என்று சொல்கிறீர்களே, காரணம் இதுதான். மழை பெய்த மறுநாள் கிரேடர் வர வேண்டும், பின்னாலேயே ரோலர் வர வேண்டும் என்று கேளுங்கள். ரோலர் இல்லாத தோட்டத்தில் பாரம் ஏற்றிய டிராக்டரை மெதுவாக, தடம் மாற்றி மாற்றி ஓட்டச் சொல்லலாம். நாம் அடைக்கும் சிறு குழிகளுக்குக் கல்லும் செம்மண்ணும் கலந்து, சற்று நனைத்து, மரக்கட்டையால் இடித்து இறுக்க வேண்டும். கொட்டிவிட்டு வந்தால் முதல் லோரியே அதை வாரிக்கொண்டு போய்விடும்.

அடுத்தது வேகம். செலவே இல்லாத மருந்து இது. லோரியின் வேகத்தைப் பாதியாக்கினால் புழுதியும் ஏறக்குறையப் பாதியாகிவிடும். டிரைவர்களிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அவர்களும் கூலிக்காரர்கள்தான். பலருக்கு டிரிப் கணக்கில் சம்பளம்; இன்னும் ஒரு நடை ஓடினால்தான் வீட்டுக்கு நாலு வெள்ளி கூடக் கிடைக்கும். நிறுத்திப் பேசுங்கள். "தம்பி, இந்த லயத்துக்கு முன்னே இருநூறு மீட்டர் மட்டும் இருபதுல போ, பச்சைப் புள்ளைங்க இருக்கு" என்று சொன்னால் கேட்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். பழைய டயர்களைப் பாதி புதைத்து, வெள்ளைச் சாயம் அடித்து, இரண்டு ஓரத்திலும் வரிசையாக வைத்தால் சடக்கு குறுகியதாகத் தெரியும். கால் தானாகவே பிரேக்குக்குப் போகும். டயரின் உள்பக்கம் தண்ணீர் தேங்காதபடி மண் நிரப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் கொசு வளரும். சடக்கின் குறுக்கே மேடு மட்டும் நாமாகப் போடக்கூடாது. இரவில் மோட்டார் சைக்கிளில் வருகிறவன் விழுந்தால் பழி நம் மேல் வரும். மேடு வேண்டும் என்றால் நிர்வாகம் போடட்டும், முன்னதாகப் பலகை வைக்கட்டும், வெள்ளை அடிக்கட்டும்.

தண்ணீர் தெளிப்பதைப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். வாளியால் வீசி எறிவதில் பாதி வீண். ஓரிடத்தில் சேறு, இன்னோரிடத்தில் காய்ந்த மண். சேறான இடத்தில் சக்கரம் ஏறினால் மெல்லிய மண் மேலே வந்து, காய்ந்ததும் முன்னைவிட அதிகமாகப் பறக்கும். சிறுகத் தெளிக்க வேண்டும், பலமுறை தெளிக்க வேண்டும். கணக்கைப் பாருங்கள். லயத்துக்கு முன்னே 100 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம் என்றால் 400 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் என்றால் 400 லிட்டர், அதாவது 44 காலன் பீப்பாய் இரண்டு. டிராக்டர் டிரெய்லரில் இரண்டு பீப்பாயை நிறுத்தி, அடியில் குழாய்த் திருகு வைத்து, பின்னால் குறுக்கே ஐந்தடி பிளாஸ்டிக் குழாயை மாட்டி, இரண்டு அங்குலத்துக்கு ஒரு துளை, சிறிய ஆணிப் பருமன், போட்டுவிட்டால் தெளிப்பு வண்டி தயார். குழாயின் நுனியை அடைக்க மறக்காதீர்கள். ஒரு தடவைக்கு ஐந்தடிதான் நனையும் என்பதால் போக ஒரு தடம், வர ஒரு தடம், நடுவில் ஒன்று என்று மூன்று நடை. நடக்கிற வேகத்தில் ஓட்டினால் போதும்.

சில எச்சரிக்கைகள். களைக்கொல்லி, பூச்சி மருந்து வந்த பீப்பாயை இதற்குத் தொடவே கூடாது, எத்தனை தரம் கழுவியிருந்தாலும் சரி. பாராகுவாட் மருந்துக்கு 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாட்டில் தடை வந்துவிட்டது. பழைய பீப்பாய்கள் ஸ்டோர் பின்புறத்தில் இன்னும் கிடக்கலாம், ஜாக்கிரதை. குடிக்கும் குழாய்த் தண்ணீரை வீணாக்காமல் குளத்திலோ கானிலோ எடுங்கள். ஆலைக் கழிவு கலந்த தண்ணீர் வேண்டாம். நிரப்பிய பீப்பாயை மூடி வையுங்கள், ஏடிஸ் கொசுவுக்கு நாம் வீடு கட்டித் தரக்கூடாது. நல்ல வெயிலில் இந்த ஈரம் வெகுநேரம் நிற்காது. ஆகவே லோரி அதிகம் ஓடும் நேரம், பிள்ளைகள் பள்ளி விட்டு நடந்து வரும் நேரம், இந்த இரண்டுக்கும் முன்னால் தெளிக்க வேண்டும். டிராக்டரும் எண்ணெயும் ஆள் சம்பளமும் நிர்வாகத்தைச் சேர்ந்தவை. தெளிப்பு வண்டி செய்து காட்டுவது நம் கைவேலை; தினமும் ஓட்டுவது பேர்வழிக்குப் பிரட்டில் பெயர் போட்டுக் கொடுக்க வேண்டிய வேலை. இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இப்போது மிக முக்கியமான ஒன்று. சில இடங்களில் லோரி, டிராக்டரிலிருந்து இறக்கிய கறுப்பு எண்ணெயைச் சடக்கில் ஊற்றுகிறார்கள். புழுதி உடனே அடங்குகிறது, ஒரு மாதம் வரை நிற்கிறது, காசும் இல்லை. "இதைவிட நல்ல மருந்து ஏது?" என்று நம் ஆட்களே கேட்கிறார்கள். தயவு செய்து கேளுங்கள்.

அமெரிக்காவில் மிசூரி மாநிலத்தில் டைம்ஸ் பீச் என்று ஒரு சிற்றூர் இருந்தது. சுமார் 2,000 பேர் குடியிருந்தார்கள். நம்மைப் போலவே மண் சடக்கு, நம்மைப் போலவே புழுதி. தார் போடப் பணம் இல்லாததால், 1970களில் பழைய எண்ணெய் சேகரிக்கும் குத்தகைக்காரர் ஒருவரை அமர்த்திச் சடக்கில் எண்ணெய் தெளித்தார்கள். அந்த எண்ணெயில் ஓர் இரசாயனத் தொழிற்சாலையின் கழிவு கலந்திருந்தது. அதில் டையாக்சின் என்னும் கொடிய நஞ்சு இருந்தது. அதே ஆள் 1971இல் எண்ணெய் தெளித்த குதிரைக் கொட்டடிகளில் குதிரைகள் வரிசையாகச் செத்தன, குருவிகள் விழுந்தன, பிள்ளைகளுக்கு நோய் வந்தது. டைம்ஸ் பீச் மண்ணில் நஞ்சு இருப்பது 1982ஆம் ஆண்டு இறுதியில்தான் உறுதியாயிற்று. 1983இல் அரசாங்கமே ஊர் முழுவதையும் விலைக்கு வாங்கி மக்களை வெளியேற்றியது. 1985இல் அந்த ஊர் சட்டப்படி இல்லாமலே போயிற்று. புழுதிக்காக ஊற்றிய எண்ணெய் ஓர் ஊரையே அழித்துவிட்டது.

நம் லோரி எண்ணெயில் அந்த நஞ்சு இருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இயந்திரத்தில் ஓடித் தேய்ந்த எண்ணெயில் உலோகத் தூள் உண்டு, புற்றுநோய் தரும் கரிப்பொருள் உண்டு. மழை அதைக் கானுக்கும் கிணற்றுக்கும் மீன் பிடிக்கும் குளத்துக்கும் கொண்டுபோகும். மிச்சம், நம் பிள்ளைகள் கோலி விளையாடும் மண்ணில் தங்கும். இந்நாட்டுச் சட்டமும் இதை விடவில்லை. 2005ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி பழைய இயந்திர எண்ணெய் அட்டவணைக் கழிவு. உரிமம் பெற்றவர்தான் எடுத்துப் போக வேண்டும். கண்ட இடத்தில் கொட்டுவது குற்றம். உங்கள் தோட்டத்தில் யாராவது ஊற்ற வந்தால், சங்கத்தின் பெயரைச் சொல்லித் தடுங்கள். அவர் நம் ஆளாகவே இருந்தாலும் தடுங்கள்.

வெளிநாடுகளில் கால்சியம் குளோரைடு என்னும் உப்பைத் தூவுகிறார்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துச் சடக்கை நனைத்தபடி வைத்திருக்கும். நம் நாட்டுக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒரு நல்ல மழை அடித்தால் உப்பு முழுதும் கானில் போய்விடும். வண்டியின் இரும்பையும் அரிக்கும், ஓரத்துச் செடியையும் வாட்டும். வருடத்துக்கு இரண்டு மீட்டருக்கு மேல் மழை கொட்டும் ஊரில் அது காசைக் கரைப்பது. சர்க்கரைப் பாகுக் கழிவும் அப்படித்தான். கூடவே ஈயும் எறும்பும் வரும். சமையல் உப்பைத் தூவிப் பார்க்கலாமா என்று ஓர் அக்கா கேட்டார். வேண்டாம் அக்கா, குழம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நம் கையருகே இருக்கும் நல்ல சரக்கு ஒன்று உண்டு: செம்பனைக் கொட்டை ஓடு. ஆலையில் பருப்பு எடுத்தபின் மிஞ்சும் இந்த ஓட்டைச் சடக்கில் பரப்புவது தோட்டங்களில் பழைய வழக்கம். மண்ணுக்கு மேல் போர்வை போல் கிடந்து சக்கரம் நேரே மண்ணில் படாமல் தடுக்கும். இப்போது இது எரிபொருளாக நல்ல விலைக்குப் போகிறது என்பதால் நிர்வாகம் தயங்கும். சடக்கு முழுதுக்கும் கேட்க வேண்டாம். லயம், ஆயாக்கொட்டகை, பள்ளிக்கூடம், கோயில் ஆகிய நான்கு இடத்துக்கு முன்னே மட்டும் கேட்போம்.

செடிகளும் உதவும். சடக்குக்கும் லயத்துக்கும் நடுவே செம்பருத்தி வேலி நெருக்கமாக நட்டு, தோள் உயரத்துக்கு வளர்த்தால், தாழப் பறக்கும் புழுதியின் ஒரு பங்கு இலையில் படியும். அது வளரும் வரை பச்சை நிழல் வலையைக் கம்பில் கட்டலாம். சந்தி முனையில் மட்டும் டிரைவரின் கண்ணை மறைக்காதபடி விட்டுவிடுங்கள். சடக்கின் ஓரத்துப் புல்லை மருந்தடித்துச் சாகடிக்கும் வழக்கத்தையும் நிறுத்தச் சொல்ல வேண்டும். புல் இல்லாத ஓரம் இன்னொரு புழுதிச் சடக்கு.

வீட்டுக்குள் நாம் செய்வது சின்ன வேலைதான். காய்ந்த விளக்குமாற்றால் கூட்டாதீர்கள். தண்ணீர் தெளித்துக் கூட்டுங்கள், ஈரத் துணியால் துடையுங்கள். சடக்குப் பக்கத்து ஜன்னலில் நனைத்த கோணிச் சாக்கைத் தொங்கவிடுவது பாட்டிகளின் வழக்கம். அது இன்றும் நல்ல வழக்கம். கூரைத் தண்ணீர் பிடிக்கும் வீடுகளில், வெயிலுக்குப் பின் வரும் முதல் மழையின் முதல் பத்து நிமிடத் தண்ணீரைத் தொட்டியில் விடாதீர்கள். கூரையில் படிந்த புழுதியும் எலிப் புழுக்கையும் அதில்தான் வரும். இழுப்புப் பிள்ளையின் பாயையும் படுக்கையையும் சடக்குக்கு எதிர்ப்பக்கத்து அறைக்கு மாற்றுங்கள். மருந்து முடிந்த பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓடாதீர்கள். முடிவதற்கு ஒரு வாரம் முன்னே போங்கள்.

இனி நிர்வாகத்திடம் போவது. வெறுங்கையோடு போனால், "மழை வந்தா சரியாப் போயிடும்" என்ற பதில்தான் இன்றும் வரும். கணக்கோடு போங்கள். பள்ளிப் பிள்ளைகளின் பழைய நோட்டுப் புத்தகம் போதும். ஒரு வாரம், ஒரே இடத்தில் உட்கார்ந்து, எத்தனை மணிக்கு எத்தனை லோரி போயிற்று என்று குறியுங்கள். ஒரு வெள்ளைத் தட்டை ஜன்னல் கட்டையில் காலையில் வைத்து மாலையில் கைப்பேசியில் படம் எடுங்கள். இழுப்பு, இருமலுக்காக எந்தெந்தத் தேதியில் கிளினிக் போனோம் என்று குடும்பங்களிடம் கேட்டு எழுதுங்கள். போத்தல் மண்ணையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கொண்டுபோக வேண்டிய இடமும் உண்டு. 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி, 40 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். அதில் தொழிலாளர் பிரதிநிதியும் இருக்க வேண்டும். பல தோட்டங்களில் இந்தக் குழு இருக்கிறது. கூடுகிறது, கோப்பி குடிக்கிறது, கலைகிறது. நம் பிரதிநிதி யார் என்று கேட்டால் லயத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. அவரைக் கண்டுபிடியுங்கள். சடக்குப் புழுதியையும் லோரி வேகத்தையும் அடுத்தக் கூட்டத்தின் பொருளாகப் போடச் சொல்லுங்கள். நடந்த பேச்சைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். குறிப்பில் ஏறாத பேச்சு காற்றோடு போன பேச்சு. குழுவில் நடக்கவில்லை என்றால் தொழிற்சங்கக் கிளை வழியாக எழுத்தில் போகட்டும். அதற்கும் அசையவில்லை என்றால் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதார இலாகா இருக்கிறது.

கேட்க வேண்டியவை அதிகமில்லை. லயத்துக்கு முன்னே வேகக் கட்டுப்பாடு, அதைக் குத்தகைக்காரரின் ஒப்பந்தத்திலும் எழுதுதல். மழைக்குப் பின் கிரேடரும் ரோலரும். வெயில் காலத்தில் நாளுக்கு இரண்டு மூன்று தடவை தெளிப்பு வண்டி, அதற்குச் சம்பள ஆள். கறுப்பு எண்ணெய் கூடவே கூடாது. கடைசியாக, லயத்துக்கு முன்னே உள்ள அந்த நூறு, இருநூறு மீட்டருக்கு மட்டும் தார். ஆபீசுக்கும் மேனேஜர் பங்களாவுக்கும் போகும் சடக்குக்குத் தார் போட முடிந்த தோட்டத்துக்கு இது முடியாத காரியம் அல்ல.

இன்று லயத்தில் நம்மோடு இந்தோனேசியரும் வங்காளதேசத்தாரும் நேப்பாளிகளும் இருக்கிறார்கள். பல தோட்டங்களில் அவர்கள்தான் அதிகம். லோரி எண்ணும் வேலையிலும் ஞாயிற்றுக்கிழமைக் கான் வெட்டிலும் அவர்களையும் கூப்பிடுங்கள். மொழி தெரியாவிட்டாலும் புழுதி எல்லாருக்கும் தெரியும். அவர்கள் பெயரும் சேர்ந்தால் கையெழுத்துத் தாள் நீளும்.

மேற்குக் கரைத் தோட்டங்களில் ஆண்டுத் தொடக்கத்திலும் ஜூன், ஜூலையிலும் காய்ச்சல் வெயில் வரும். கெடா, பெர்லிஸ் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை. அதற்கு ஒரு மாதம் முன்னாலேயே, சடக்கு ஈரமாக இருக்கும்போதே, ஓரத்து வாயை வெட்டி, குழியை அடைத்துவிட வேண்டும். லோரிக் கணக்கு எழுத ஒரு மாதிரித் தாளும், நிர்வாகத்துக்கு எழுத ஒரு மாதிரிக் கடிதமும் தயாரித்து வைத்திருக்கிறோம். வேண்டுவோர் தங்கள் கிளைச் செயலாளரைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். தெளிப்பு வண்டி செய்து பார்த்தவர்கள் துளை அளவு சரியாக வந்ததா, எத்தனை நடை ஓடிற்று என்று எழுதுங்கள். மற்றத் தோட்டங்களுக்கும் சொல்வோம்.